முழுகுவதும் முழுக்கப்படுவதும்: ‘பாப்டிசோ’ என்ற கிரேக்க வினையும் தமிழ் விவிலியமும்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக எழும்பியபோது அவற்றோடு வந்து சேர்ந்தவற்றில் ஜெபக்கூடங்களும் உண்டு. கடைகளுக்கு மேலே வாடகை மாடியில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், மண்டபத்தில் அவை நடக்கின்றன. ஷிப்டு வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கும் கிறிஸ்தவ இளைஞர்களில் பலர் கைக்குழந்தையாக இருந்தபோதே ஊர்ச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். இங்கே ஞாயிறு ஆராதனைக்குப் போகத் தொடங்கியதும் அவர்களை ஒரு கேள்வி எதிர்கொள்கிறது: “தம்பி, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாச்சா?” தலையில் தண்ணீர் விட்ட விவரத்தைச் சொன்னால், அது தெளிப்பு, செல்லாது என்று பதில் வரும். அதற்கு ஆதாரமாக ஒரு வாக்கியமும் தவறாமல் வரும்: மூல பாஷையில் அந்தச் சொல்லுக்கு முழுக்குதல் என்றுதான் அர்த்தம்.

அந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அது பாதி. மறுபாதி அந்தச் சொல்லின் இலக்கணத்தில் இருக்கிறது. தண்ணீரின் அளவைப் பற்றியே பேசிப் பேசி, அந்த வினைச்சொல் நிஜமாகவே அழுத்திச் சொல்லும் செய்தியை, அதாவது செய்கிறவர் யார், செய்யப்படுகிறவர் யார் என்பதை, நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்பதே என் கருத்து.

முதலில் பொருள். பாப்டிசோ என்பது பாப்டோ என்ற பழைய வினையிலிருந்து கிளைத்தது. பாப்டோ என்றால் தோய்த்தல், சாயம் ஏற்றுதல். சாயக்காரருக்குக் கிரேக்கத்தில் பெயரே இந்த வேரிலிருந்துதான். ஹோமரின் ஒடிசி காவியத்தில், ஒற்றைக்கண் அரக்கனின் கண்ணில் பழுக்கக் காய்ச்சிய கழியைச் செருகும் இடத்தில், கொல்லன் காய்ந்த கோடரியைக் குளிர்ந்த நீரில் தோய்ப்பது உவமையாக வருகிறது. அங்கே வரும் வினை பாப்டோ. பாப்டிசோ அதைவிடக் கனமானது. கப்பல் மூழ்குவதற்கு யூத வரலாற்றாசிரியர் யோசேபு இதைப் பயன்படுத்துகிறார். பிளாட்டோவின் விருந்து உரையாடலில் முந்தின நாள் மதுவில் ஊறிப்போனவர்களில் தானும் ஒருவன் என்று அரிஸ்டோபனிஸ் சொல்வது இந்த வினையால்தான். புளூட்டார்க் ஒரு ரோமானியனின் கடன் சுமையைச் சொல்லும்போதும் இதுவே: கடனில் மூழ்கியவன். தமிழ் வாசகருக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. கப்பலும் மூழ்கும், குடிகாரனும் மூழ்குவான், கடன்காரனும் மூழ்குவான் என்று நாமும் ஒரே வினையைத்தான் வைத்திருக்கிறோம்.

புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு வினைகளும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பாப்டோ நான்கே தடவை வருகிறது. விரல் நுனியைத் தண்ணீரில் தோய்ப்பது, அப்பத் துணிக்கையைத் தோய்ப்பது, இரத்தத்தில் தோய்ந்த ஆடை போன்ற சாதாரணச் செயல்களுக்கு. பாப்டிசோ ஏறக்குறைய 77 தடவை வருகிறது, பெரும்பாலும் சடங்குக்கு. வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இந்த வட்டாரத்துக் கார்த் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பைப் பார்க்கலாம். வெல்டிங் முடிந்து வரும் பாடியை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, பாஸ்பேட் பூச்சுக் கொடுத்து, ஈ.டி. எனப்படும் மின்பூச்சுத் தொட்டியில் கூரை மறையும்வரை இறக்குகிறார்கள். பாடியை எதிர்மின்வாயாக வைத்து மின்னழுத்தம் கொடுத்ததும் நீரில் கலந்திருக்கும் பெயின்ட் துகள்கள் தகட்டைத் தேடி வந்து படிகின்றன. ஸ்பிரே எட்டாத உள்மடிப்புகளுக்குள்ளும் அந்தப் பூச்சு போய்ச் சேரும். நிறம் ஏறி வருவதைச் சொன்னால் அது பாப்டோ. தொட்டிக்குள் முழுதாக மறைந்திருப்பதைச் சொன்னால் பாப்டிசோ. பிரசங்கங்களில் கவிஞர் நிக்காண்டரின் ஊறுகாய்ச் செய்முறையைக் காட்டி, பாப்டிசோ என்றால் நிரந்தர மாற்றம் என்று சொல்வதுண்டு. ஊறுகாய் நிரந்தரமாக மாறுவது காடியின் குணம். வினைக்குள் அந்தப் பொருள் இல்லை. இருந்திருந்தால் மூழ்கிய கப்பலுக்கு அது பொருந்தாது.

அப்படியானால் முழுக்கு என்று சொல்கிறவர்கள் ஜெயித்துவிட்டார்களா? அவ்வளவு சுலபமில்லை. லூக்கா 11-ஆம் அதிகாரத்தில் சாப்பாட்டுக்கு முன் இயேசு ‘பாப்டிசோ’ செய்யவில்லை என்று பரிசேயன் வியக்கிறான். விருந்துக்கு வந்தவர் முழுக்கக் குளித்துவிட்டு உட்கார வேண்டும் என்று அவன் எதிர்பார்த்தானா, கை கழுவுவதைத்தான் சொல்கிறானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. மாற்கு 7:4-இல் சந்தையிலிருந்து வருகிறவர்கள் செய்யும் சுத்திகரிப்புக்குப் பல கையெழுத்துப் பிரதிகளில் பாப்டிசோ இருக்கிறது. சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலுமோ தெளித்தல் என்ற பொருளுள்ள வேறு வினை இருக்கிறது. யாரோ ஓர் எழுத்தருக்கு அந்த இடத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியிருக்கிறது. 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு 1883-இல் அச்சேறிய ‘டிடாக்கே’ என்ற மிகப் பழைய சபை ஒழுங்குநூல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஓடும் நீரில் கொடு. அது இல்லாவிட்டால் வேறு நீரில். குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீரில். எதுவுமே போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்பது அதன் வழிகாட்டுதல். கிரேக்கம் பேசிய ஆதிச் சபைக்கு முழுக்குதான் இயல்பான முறை. ஆனால் ஊற்றினால் சடங்கு கெட்டுப்போகும் என்று அது நினைக்கவில்லை.

தமிழ்ச் சொற்களும் இந்த வழக்கைத் தீர்த்துவைக்காது. ஸ்நானம் என்ற சொல் ஆற்றில் முங்குவதை மட்டும் குறிப்பதில்லை. தர்ம சாஸ்திரங்கள் வகைப்படுத்தும் ஸ்நானங்களில் நீரில் முழுகும் வாருண ஸ்நானம் ஒன்று. மந்திரம் சொல்லி நீரைத் தெளித்துக்கொள்ளும் மாந்திர ஸ்நானமும் ஒன்று. வெயிலில் பெய்யும் மழையில் நனைவதுகூட அந்தப் பட்டியலில் ஸ்நானம்தான். சரி, முழுக்கு என்ற தனித்தமிழ்ச் சொல்லாவது? குடமுழுக்கு என்றால் கலசத்தின்மேல் குடத்து நீரை ஊற்றுவது. கோபுரத்தை யாரும் தண்ணீரில் இறக்குவதில்லை. கத்தோலிக்கர் இன்று சொல்லும் திருமுழுக்கு, சைவர்கள் அபிஷேகத்துக்குச் சொல்லும் சொல். ஆக, ‘முழுக்கு’ என்று அச்சிட்டிருப்பதாலேயே தொட்டி கட்டியாக வேண்டும் என்று தமிழ் வற்புறுத்தாது.

இந்தச் சொல்லுக்காக இந்தியாவில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. செராம்பூரில் வில்லியம் கேரி 1801-இல் வெளியிட்ட வங்காளிப் புதிய ஏற்பாட்டிலிருந்தே பாப்திஸ்து மிஷனரிகள் பாப்டிசோவை முழுக்குதல் என்ற பொருள்படவே மொழிபெயர்த்து வந்தார்கள். கேரிக்குப் பின் யேட்ஸ், பியர்ஸ் ஆகியோர் கல்கத்தாவில் அந்த வேலையைத் தொடர்ந்தபோது பிரிட்டிஷ் அண்டு பாரின் பைபிள் சொசைட்டி பணம் தர மறுத்தது. மற்றச் சபைகள் ஏற்காத பொருளில் மொழிபெயர்க்க வேண்டாம், ஆங்கிலத்தில் இருப்பதுபோல் கிரேக்கச் சொல்லையே ஒலிபெயர்த்து வைத்துவிடுங்கள் என்பது அதன் நிலைப்பாடு. 1836-இல் அமெரிக்கன் பைபிள் சொசைட்டியும் பர்மாவில் ஜட்சனின் மொழிபெயர்ப்பையும் வங்காளிப் பதிப்பையும் ஒட்டி இதே முடிவுக்கு வந்தது. விளைவாக இரு நாடுகளிலும் பாப்திஸ்துகள் பிரிந்துபோய்த் தனிச் சங்கங்கள் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் பைபிள் டிரான்ஸ்லேஷன் சொசைட்டி 1840-இல் பிறந்தது.

தமிழ் அந்தச் சண்டையிலிருந்து தப்பித்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கிச் சேசு சபையினர் உருவாக்கி வைத்த கிறிஸ்தவச் சொற்களஞ்சியத்திலிருந்து, தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்க் தாராளமாக எடுத்துக்கொண்டார். அவருடைய புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் அச்சேறியது. இந்திய மொழியொன்றில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு அதுதான். வேப்பேரியில் பப்ரிசியஸ் 1772-இல் வெளியிட்டது, பாளையங்கோட்டையில் ரேனியஸ் செய்தது, யாழ்ப்பாணத்தில் பெர்சிவலோடு ஆறுமுக நாவலர் உழைத்த 1850-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் முழுமையான ஐக்கிய மொழிபெயர்ப்பு என்று வரிசை நீள்கிறது. சீர்திருத்தச் சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் இன்றும் கையில் இருப்பது இந்தக் கடைசிப் பதிப்பு. இதில் நிலைத்த ஞானஸ்நானம் என்ற சொல் தண்ணீரின் அளவைப் பற்றி வாய் திறக்காதது. முழுக்குவோருக்கும் ஊற்றுவோருக்கும் ஒரே பைபிள் போதுமாயிற்று. இது சின்ன லாபமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலையும் கொடுத்தோம். கிரேக்கத்தில் வினையாக இருந்தது தமிழில் பெயராகிவிட்டது.

விலை எங்கே தெரிகிறது என்று பார்ப்போம். கிரேக்கத்தில் “நான் உன்னை முழுக்குகிறேன்” என்ற அமைப்பு, ஆள்தான் செயப்படுபொருள். தமிழில் “உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.” ஆள் இரண்டாம் வேற்றுமையிலிருந்து நான்காம் வேற்றுமைக்கு நகர்ந்துவிட்டார்; செயப்படுபொருளின் இடத்தில் ஞானஸ்நானம் வந்து உட்கார்ந்துகொண்டது. கொடு, பெறு, வாங்கு என்ற வினைகள் எல்லாம் கைமாறும் பொருளுக்கு உரியவை. கைமாறும் பொருள் என்றதும் அது அசலா, செல்லுமா, யார் கொடுத்தது, சர்டிபிகேட் இருக்கிறதா என்ற கேள்விகள் தாமாக எழுகின்றன. நம் சபைகளின் மறுஞானஸ்நானத் தகராறுகளுக்கு இலக்கணமே காரணம் என்று சொல்ல மாட்டேன். இலக்கணம் அவற்றுக்குச் சௌகரியமான மேடை போட்டுக் கொடுத்திருக்கிறது என்று சொல்வேன்.

இனி இலக்கணத்தின் மையத்துக்கு வரலாம். கிரேக்க வினைக்கு மூன்று பாங்குகள். செய்வினை, செயப்பாட்டுவினை இரண்டும் நமக்குத் தெரிந்தவை. நடுவே ஒன்று இருக்கிறது: செய்கிறவனே செயலின் பலனுக்கும் ஆளாகிறான். ஆங்கிலம் வழியாகக் கிரேக்கம் படிக்கிற மாணவர்கள் இந்த நடுப்பாங்கில் தடுமாறுவார்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் அதற்கென ஒரு வடிவம் கிடையாது. தமிழருக்கு அந்தத் தடுமாற்றம் தேவையில்லை. ‘கொள்’ என்ற துணைவினை நாள் முழுவதும் நம் வாயில் இருக்கிறது. வெட்டினான் வேறு, வெட்டிக்கொண்டான் வேறு. அதோடு முழுகு–முழுக்கு, திரும்பு–திருப்பு, உருள்–உருட்டு என்று இணை இணையாக வினைகள் வைத்திருக்கிறோம். மதுரை அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் கு. பரமசிவம் இந்த இணைகளைத்தான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்ந்தார். 1979-இல் அது நூலாக வந்தது. தன்வினை, பிறவினை என்ற பழைய பெயர்கள் மட்டும் போதாது. செயலின் விளைவு எழுவாயின்மேல் விழுகிறதா, வேறொன்றின்மேல் விழுகிறதா என்பதே இவற்றின் அடிப்படை என்று அவர் காட்டினார். கிரேக்க நடுப்பாங்கை விளக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கண்ணோடு யோர்தான் நதிக்குப் போவோம். எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், குஷ்டரோகியான நாகமான் ஏழு முறை யோர்தானில் இறங்குகிறான். வினை, பாப்டிசோவின் நடுப்பாங்கு இறந்தகாலம்: எபாப்டிசாட்டோ. தானே முழுகினான். யாரும் அவன் தலையைப் பிடித்து அழுத்தவில்லை. அவனை அனுப்பிய எலிசா தீர்க்கதரிசி வீட்டை விட்டு வெளியே வரக்கூட இல்லை. யூத மரபின் சுத்திகரிப்பு முழுக்கு இன்றும் இப்படித்தான். குளத்தில் இறங்குகிறவர் தானே முழுகி எழுகிறார். இப்போது அதே நதியில் யோவான். மாற்கு முதல் அதிகாரத்தில் ஜனங்கள் அவனால் முழுக்கப்படுகிறார்கள். ‘ஆல்’ உருபுக்கு ஈடான ‘ஹுப்போ’ என்ற சொல் வெளிப்படையாகவே நிற்கிறது. இயேசுவுக்கும் அதே ‘ஹுப்போ’, அதே செயப்பாட்டுவினை. ஒருவன் இன்னொருவனைத் தண்ணீரில் முழுக்குகிறான் என்பது அன்றைய யூதக் காதுக்குப் புதிதாக ஒலித்திருக்க வேண்டும். அதனால்தான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது. மாற்கு சில இடங்களில் பெயர்ச்சொல்லைக்கூட நாடாமல் வினையின் வழியாகவே அவனைக் குறிக்கிறார். அச்சு அசலாக நம் வினையாலணையும் பெயர் அது: முழுக்குகிறவன்.

தமிழ் வாசகருக்கு இந்தத் தொடர்பு முழுவதும் மறைந்திருக்கிறது. பழைய பதிப்பில், அதாவது ஐக்கிய மொழிபெயர்ப்பில், எலிசா சொல்வது ஸ்நானம்பண்ணு. நாகமான் செய்வது முழுகு. சந்தையிலிருந்து வரும் பரிசேயருக்கு மறுபடியும் ஸ்நானம். யோவானிடம் வருகிறவர்களுக்கு ஞானஸ்நானம். யோவானுக்கோ ஸ்நானன் என்ற பட்டம். நாகமான் கதை எபிரேயத்திலிருந்து வந்தது, ஆகவே மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாகமான் இறங்கிய அதே ஆற்றில், அதே வினையில், பாங்கு மட்டும் மாறி யோவானின் வேலை நடக்கிறது என்பதை ஒரு தமிழர் தம் வேதத்தை மட்டும் வாசித்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அப்போஸ்தலர் புத்தகத்தில் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. 2:38-இல் பேதுரு கூட்டத்தைப் பார்த்து இரண்டு ஏவல்களைச் சொல்கிறார். முதலாவது மனந்திரும்புவது, முன்னிலைப் பன்மை, செய்வினை. இரண்டாவது, பாப்டிஸ்தேட்டோ, படர்க்கை ஒருமை, செயப்பாட்டுவினை. உங்களில் ஒவ்வொருவனும் முழுக்கப்படுவானாக என்ற அமைப்பு. படர்க்கை ஏவல் என்று ஒன்று ஆங்கிலத்தில் கிடையாது. ‘லெட்’ போட்டுச் சமாளிக்க வேண்டும். நமக்கு வியங்கோள் இருக்கிறது. தொல்காப்பியர் அதைப் படர்க்கைக்கு உரியதாகவே வைத்தார். எல்லா இடத்துக்கும் உரியது என்று நன்னூல் விரித்தது. பேதுருவின் வாய்ச்சொல்லுக்குத் தொல்காப்பியரின் வியங்கோள் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. பழைய பதிப்பிலோ வினைமுற்று ‘பெற்றுக்கொள்ளுங்கள்.’ படர்க்கை ஒருமை முன்னிலைப் பன்மையாயிற்று. செயப்பாட்டுவினைக்குக் ‘கொள்’ வந்தது.

அடுத்து 22:16. அனனியா பவுலை எழுப்புகிறான். இங்கே இரண்டு ஏவல்களும் நடுப்பாங்கு: பாப்டிசாய், அபோலூசாய். முழுக்குவித்துக்கொள், கழுவிக்கொள். மூன்று நாள் சாப்பிடாமல் இருட்டில் கிடந்தவனை, இனி நீயே எழுந்து நடத்திக்கொள் என்று உசுப்பும் சொற்கள். ‘கொள்’ வர வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். பழைய பதிப்பில் இந்த இடத்தில் இருப்பது ‘ஞானஸ்நானம்பெற்று’, ‘கழுவப்படு.’ கிரேக்கத்தில் செயப்பாட்டுவினை உள்ள இடத்தில் தமிழில் ‘கொள்’. நடுப்பாங்கு உள்ள இடத்தில் தமிழில் ‘படு’. ஒன்று மற்றதன் இடத்துக்கு மாறிப் போயிருக்கிறது. இது ஓரிடத்துத் தற்செயலும் இல்லை. 1 கொரிந்தியர் 6:11-இல் மூன்று வினைகள் அடுக்கி வருகின்றன. முதலாவது நடுப்பாங்கு, மற்ற இரண்டும் செயப்பாட்டுவினை. தமிழில் மூன்றுக்கும் ‘பட்டீர்கள்’, ‘ஆக்கப்பட்டீர்கள்’ என்று ஒரே முடிவு. ஆங்கில மரபும் அங்கே அப்படித்தான் போகிறது.

இதில் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. புதிய ஏற்பாட்டுக் காலக் கிரேக்கத்தில் செயப்பாட்டு வடிவம் நடுப்பாங்கின் வேலையையும் செய்யத் தொடங்கியிருந்தது. லூக்காவின் பரிசேயன் கதையில் வடிவம் செயப்பாடு. ஆனால் யாரும் இயேசுவின் கையைக் கழுவிவிட எதிர்பார்க்கவில்லை. ஆகவே 2:38-இல் ‘பெற்றுக்கொள்ளுங்கள்’ என்றதற்கு வாதம் உண்டு. அதை நான் ஏற்கிறேன். 22:16-இல் ‘கழுவப்படு’ என்றதற்கு அப்படி வாதாடுவது கடினம். நடுப்பாங்கைத் தேர்ந்தெடுத்து எழுதியவர் வேண்டுமென்றே எழுதியிருக்கிறார். ஆதிச் சபையே இதில் கவனமாக இருந்ததற்குச் சாட்சி 1 கொரிந்தியர் 10:2. செங்கடலைக் கடந்த முன்னோர் முழுக்கப்பட்டார்களா, முழுக்குவித்துக்கொண்டார்களா? சினாய்ப் பிரதி செயப்பாட்டுவினையைத் தருகிறது, வத்திக்கான் பிரதி நடுப்பாங்கை. இன்றைய கிரேக்கப் பதிப்பின் ஆசிரியர் குழுவும் இந்த இடத்தில் ஒருமனப்படவில்லை.

ஒன்று மட்டும் எல்லா இடத்திலும் பொது. நடுப்பாங்கு வந்தாலும் கிறிஸ்தவ ஞானஸ்நானத்தில் யாரும் தன்னைத்தானே முழுக்கிக்கொள்வதில்லை. பவுலும் இன்னொருவர் கையால்தான் பெற்றான். அந்த நடுப்பாங்கின் பொருள், முடி வெட்டிக்கொண்டேன் என்று நாம் சொல்கிற பொருள். கத்தரி நாவிதர் கையில், முடிவு என்னுடையது. கிரேக்கம் பேசும் கிழக்குச் சபைகள் இன்றுவரை சடங்கின்போது செயப்பாட்டுவினையில்தான் சொல்கின்றன: கடவுளின் ஊழியன் இன்னார் முழுக்கப்படுகிறான். கேரளத்துச் சுறியானி மரபும் இதுவே. “நான் உனக்குக் கொடுக்கிறேன்” என்று போதகர் தம்மை எழுவாயாக்கிக்கொள்வது லத்தீன் மரபு. தமிழ்நாட்டில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் பெந்தெகொஸ்தேயினரும் வேறு எதில் பிரிந்தாலும் இந்த எழுவாயில் ஒன்றுபட்டிருக்கிறார்கள்.

குழந்தையா, பெரியவரா என்ற வழக்கில் எடுத்துக்காட்டப்படும் மத்தேயு 28:19-க்கும் இலக்கணம் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. கிரேக்கத்தில் அங்கே முற்றுவினை ஒன்றே ஒன்று: சீஷராக்குங்கள். முழுக்குவதும் போதிப்பதும் அதைச் சார்ந்த நிகழ்கால எச்சங்கள். சீஷராக்குவது எப்படி நடக்கிறது என்று சொல்கின்றன. தமிழில் முற்றுவினை கடைசியில்தான் நிற்க முடியும். ஆகவே ‘சீஷராக்கி’, ‘ஞானஸ்நானங்கொடுத்து’ இரண்டும் எச்சமாகி, ‘உபதேசம்பண்ணுங்கள்’ கட்டளையாக முடிகிறது. தலைமைக் கட்டளை எச்சமாகவும், எச்சம் தலைமைக் கட்டளையாகவும் இடம் மாறிவிட்டன. போதாததற்கு நம் இறந்தகால எச்சம் வரிசையைக் காட்டும். சமைத்துச் சாப்பிட்டான் என்றால் முதலில் சமையல். முதலில் சீஷனாகி, பிறகு ஞானஸ்நானம், அதன்பின் போதனை என்று மேடையில் விரல் மடக்கி எண்ணுகிறவர்கள் தமிழ் எச்சத்தை எண்ணுகிறார்கள். மூலத்தில் அந்த வரிசை இல்லை. குழந்தைக்குக் கொடுப்பது சரியென்று இதனால் நிரூபணமாகாது, தவறென்றும் ஆகாது. அந்த வழக்கை இந்த வசனத்தின் இலக்கணத்தில் நடத்தக் கூடாது என்பது மட்டும் உறுதி.

ஏட்டில் விட்டதைப் பேச்சு பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு ஆறுதலான விஷயம். பைபிளில் ‘எடு’ என்ற வினை ஞானஸ்நானத்தோடு வழங்குவதில்லை. ஜெபக்கூடத்து இளைஞரோ “எடுத்தேன்” என்கிறார். கொடுத்தார்கள், பெற்றேன் என்ற கொடுக்கல் வாங்கலை விட்டு, முடிவு என்னுடையது என்பதை ஒரு வினையில் சொல்லிவிடுகிறார். அனனியாவின் நடுப்பாங்குக்கு மிக அருகே வந்த தமிழ் இதுதான். அதேபோல் குழந்தையைக் கொண்டுபோன தாய் “கொடுத்தாச்சு” என்பதும் யோர்தான் கரைச் செயப்பாட்டுக்கு அருகே வந்த தமிழ். கிரேக்க வினைக்குள் இரண்டுக்கும் இடம் இருக்கிறது; ஒன்றை வைத்து மற்றதை அடிக்கத்தான் இடமில்லை.

முழுகு என்ற தமிழ் வினையில் இன்னொரு வளமும் பயன்படாமல் கிடக்கிறது. ஒருவனைத் தலைமுழுகிவிட்டேன் என்றால் அவன் செத்ததாக எண்ணி உறவை அறுத்துவிட்டேன். குடிக்கு முழுக்குப் போட்டான் என்றால் அந்தப் பழைய வாழ்க்கை முடிந்தது. சாவு வீட்டிலிருந்து திரும்பினால் தலைமுழுகுவோம். தீபாவளி விடியலிலும் தலைமுழுகுவோம். ரோமர் 6-ஆம் அதிகாரத்தில் பவுல் ஞானஸ்நானத்தை அடக்கத்தோடும் புது வாழ்வோடும் சேர்த்துப் பேசுவதற்குத் தமிழ்ப் பிரசங்கி வேறெங்கும் உதாரணம் தேடிப் போக வேண்டாம். ‘ஞானஸ்நானம்’ என்ற சொல்லில் குளியலும் சுத்தமும் கேட்கின்றன, சாவு கேட்பதில்லை. ‘தலைமுழுகு’ என்பதில் கேட்கிறது.

ஞானஸ்நானத்தையோ திருமுழுக்கையோ கைவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள் இல்லை. மூன்று நூற்றாண்டுப் பக்தி ஞானஸ்நானம் என்ற சொல்லில் ஊறியிருக்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் திருமுழுக்கு என்ற சொல்லைப் பரவலாக நிலைநாட்டிவிட்டது. கேட்பது இரண்டுதான். அடுத்து திருத்தம் செய்ய உட்காரும் குழுவினர் அப்போஸ்தலர் 2:38-இல் வியங்கோளையும் 22:16-இல் ‘கொள்’ளையும், உரையில் இல்லாவிட்டாலும் அடிக்குறிப்பிலாவது, தமிழ் வாசகருக்குக் காட்ட வேண்டும். இறையியல் கல்லூரிகளில் கிரேக்கம் கற்பிக்கிறவர்கள் ஆங்கில இலக்கணத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல், வினையெச்சம், வினையாலணையும் பெயர், வியங்கோள், ‘கொள்’, முழுகு–முழுக்கு என்று நேராகத் தமிழிலிருந்தே தொடங்க வேண்டும். அந்த வகுப்பிலிருந்து வருகிற போதகர், மூல பாஷையில் இதுதான் அர்த்தம் என்று ஒரு தொழிலாளியின் பழைய ஞானஸ்நானத்தைத் தள்ளிவிடுவதற்கு முன், வினையின் பாங்கையும் ஒருமுறை பார்ப்பார்.